வாசலைவிடப் பெரிய நட்சத்திரம்

பதினாறடி! இந்த ஓரத்தில் டேப்பை வைத்து அந்த ஓரத்துக்கு இழுத்தால் சுளையாகப் பதினாறடி. வெல்டர் அதை மூன்று தடவை அளந்துவிட்டான். ஒரு தடவை அளந்தால் போதாதா என்று கேட்பீர்கள். சந்தோஷத்தில் அளக்கிறவனுக்கு எத்தனை தடவை அளந்தாலும் போதாது. ஐந்து முனை, முனைகளைச் சுற்றி ஒரு வளையம், எல்லாம் இரும்புக் குழாய். மேலே வெள்ளைத் தாள், உள்ளே அறுநூறு விளக்கு. சுவிட்சைப் போட்டால் நடுவிலிருந்து வெளிச்சம் கிளம்பி முனைமுனையாக ஓடி, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும். அடேயப்பா, பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்!

இத்தனையும் அளந்தவன் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. ஆலயத்தின் வாசலை.

நடந்தது இதுதான். நட்சத்திரத்தின் கைகளையும் வளையத்துண்டுகளையும் அவன் தன் பட்டறையில் தனித்தனியாகச் செய்து வைத்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆலய முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, மறுநாள் காலையில் கயிறு கட்டிக் கோபுரத்துக்கு ஏற்றுவதாகத் திட்டம். முந்தின நாள் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெல்டிங் மெஷினையும் இரும்பு வெட்டும் கிரைண்டரையும் மழையில் வைக்க முடியுமா? துண்டு துண்டாக எல்லாவற்றையும் ஆலயத்துக்குள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். பீடத்துக்கு முன்னால்தான் கூரை உயரம், அதனால் அங்கேயே வேலை.

"போல்ட் போட்டுடுவோம் அத்தான். வேணும்னா கழட்டிக்கலாம்" என்றான் மச்சான். மனைவியின் தம்பி, கொத்தனார், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது நியாயமான பேச்சு.

"போல்ட்டா? கோபுரத்து உச்சியில அடிக்கிற காத்துக்கு உன் போல்ட் தாங்குமா? நான் பத்த வெச்சா ஆயுசுக்கும் அசையாது. போய் அந்தக் குழாயைப் பிடி!"

பற்றவைத்தான். வாழ்நாளிலேயே அவ்வளவு சுத்தமாக அவன் பற்றவைத்ததில்லை, பாவி. நட்சத்திரத்தின் கால் ஊன்றும் இடத்தில் சின்னதாகக் குடில் ஒன்று இருந்தது. வைக்கோலும் தொட்டியும் பாலன் இயேசுவுமாகப் பிள்ளைகள் ஜோடித்து வைத்தது. கையில் மெஷின் இருந்ததால் வெல்டர் அதைக் காலாலேயே மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிட்டான். உடைக்கவில்லை, கவிழ்க்கவில்லை, தள்ளினான், அவ்வளவுதான். அப்போது அது அவனுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

காலை ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. எட்டு ஆண்கள் ஏலேலோ போடாத குறையாக நட்சத்திரத்தைத் தூக்கி நிமிர்த்தி வாசல்வரைக்கும் கொண்டுவந்தார்கள். வாசல் எட்டடி உயரம், ஆறடி அகலம். அப்போதுதான் எட்டுப் பேருக்கும் ஒரே சமயத்தில் மூளை வேலை செய்தது.

"சாய்ச்சுப் பிடிங்கப்பா!" என்று கத்தினான் வெல்டர்.

சாய்த்தார்கள். வளையம் நிலையில் இடித்தது. திருப்பினார்கள். மறுபடி இடித்தது. ஒருவர் கட்டிலை வெளியே எடுப்பதுபோல் எடுக்கலாம் என்றார். இன்னொருவர் கட்டில் வட்டமாகவா இருக்கும் என்று அவர்மேல் பாய்ந்தார். மச்சான் நட்சத்திரத்தைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"துண்டு துண்டா உள்ள வந்துச்சு, முழுசா வெளிய போகுமான்னு யாருக்காவது தோணுச்சா? நாலு வீடு கட்டினவன் நானு. நானும்ல கோட்டை விட்டுட்டேன்!"

வெல்டரின் முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பதற்கு இதென்ன வெறும் அலங்காரமா? ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாதவன் அவன். மனைவி பிரசவ அறைக்குள் இருந்தபோது ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ரெண்டு பேரையும் என் கையில குடுத்துடுங்க. உங்க பிறந்தநாளுக்கு ஒரு நட்சத்திரம் செஞ்சு வைக்கிறேன்" என்று அழுதவன். கொடுத்துவிட்டார். பெண் பிள்ளை. இப்போது ஐந்து மாதம். இன்றைக்கு அதே ஆராதனையில் அவளுக்கு ஞானஸ்நானம். நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் எந்த முகத்தோடு போய் நிற்பது?

அது மட்டுமா? ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தான். காய்கறிக் கடையில் சொன்னான், முடிவெட்டும் இடத்தில் சொன்னான். தினமும் தன்னைப் பட்டறையில் இறக்கிவிடும் பஸ் டிரைவரிடம், "கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஸ்டாப்புல நின்னு பாருங்க சார். அங்கேர்ந்தே தெரியும்" என்று சொல்லியிருந்தான். டிரைவர் இந்தப் பக்கம் ஆலயத்துக்கு எல்லாம் வருகிற ஆள் இல்லை. "பாத்துட்டாப் போச்சு" என்று சிரித்திருந்தார்.

"மச்சான், நிலையைப் பேத்துடு" என்றான் வெல்டர்.

"என்னது?"

"நிலை, ரெண்டு பக்கமும் சுவர், மேல ஒரு எட்டடி. ஒன்பது மணிக்குள்ள முடிப்பியா மாட்டியா?"

மச்சான் சிரிப்பை நிறுத்தினான். "அத்தான், நிஜமாவா சொல்றீங்க? இது ஆலயம். உங்க வீட்டுக் கோழிக்கூடு இல்ல."

"நாளைக்கே கட்டிக் குடுத்துடுவோம்!"

இந்த நேரத்தில்தான் பாஸ்டர் வந்தார். இளம் வயது, யாருக்கும் மனவருத்தம் வந்துவிடக்கூடாது என்று நினைக்கிற மனுஷர். அங்கியை இன்னும் போடவில்லை, கையில் மடித்து வைத்திருந்தார். நட்சத்திரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வெல்டரின் கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, எதையும் இடிக்க வேணாம். இருந்த இடத்துலயே நிக்கட்டும். உள்ளேயே எரியட்டுமே, அழகாத்தானே இருக்கும்!"

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, உத்தரத்தில் கயிறு கட்டினார்கள். பெஞ்சுகளை ஒழுங்குபடுத்தினார்கள். சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், ஆலயத்தின் உள்சுவர் முழுவதும் வெளிச்சம் அலை அலையாக ஓடியது. வெல்டருக்கு அழுகை போன இடம் தெரியவில்லை. கோபுரத்தைவிட இதுவல்லவா பிரமாதம்!

எட்டரை மணிக்கு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர் யாரும் நேராகப் போய் உட்காரவில்லை. எல்லார் கையிலும் போன். குடும்பம் குடும்பமாக நட்சத்திரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "கொஞ்சம் இடதுபக்கம் தள்ளுங்க, முனை மறையுது!" என்று ஒரு அத்தை உத்தரவு போட்டார். பாடகர் குழுவை நடத்துகிற அக்கா, "இந்த வருஷம் எங்க பாட்டை யாரு கேக்கப் போறாங்க, எல்லாரும் உங்களையே பாக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பொறாமையா பாராட்டா என்று வெல்டர் யோசிக்கவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றான். கை குலுக்கிக் குலுக்கித் தோள்பட்டையே வலித்தது. அந்த வலிகூட இனித்தது.

அப்போது மனைவி வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்காரவைக்கிறவள். தோளில் பிள்ளை, வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு.

"என்னங்க, தொட்டி எங்க?"

"எந்தத் தொட்டி?"

"ஞானஸ்நானத் தொட்டி!"

வெல்டர் நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டினான். "அதுக்குப் பின்னாலதான். பாஸ்டர் பரவால்லன்னு சொல்லிட்டாரு. நீயும் பிள்ளையும் மொதல்லயே பின்னால போய் உக்காந்துடுங்க. நேரம் வந்ததும் நானும் வந்துடறேன்."

"அப்ப ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது."

"மைக் இருக்கில்ல? கேக்கும்."

அவள் சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குச் சமாளிக்கத் தெரியும். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "நேத்து இவ குப்புற விழுந்தா" என்றாள். "மொத மொத. தலையைத் தூக்கி இப்படி அப்படி தேடினா. நீங்க இங்க இருந்தீங்க." பிறகு, "பாடம் வாசிச்சுப் பாத்தீங்களா? மூணு நாளா சொல்றேன்" என்றாள்.

அது வேறு இருந்தது. நட்சத்திரம் செய்தவரே நட்சத்திரம் வருகிற பகுதியை வாசிக்கட்டும் என்று பாஸ்டர் அன்றைய வேதபாடத்தை அவனிடம் கொடுத்திருந்தார். வெல்டர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரிஞ்ச கதைதானே, வாசிச்சுடுவேன்" என்றான். அவள் பிள்ளையோடு நட்சத்திரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். வெள்ளைத் தாள் அவர்களை மறைத்தது.

ஆராதனை தொடங்கியது. எள் விழ இடமில்லை. பாட்டு, ஜெபம், மறுபடி பாட்டு. பாஸ்டரின் குரல் மட்டும் நட்சத்திரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆளைக் காணோம். யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. வெளிச்சம் வளையத்தில் சுற்றும்போதெல்லாம் ஐந்நூறு கண்ணும் அதோடு சுற்றின. பிறகு வெல்டரின் முறை. வாசிப்பு மேடை ஓரமாக, நட்சத்திரத்தை ஒட்டி இருந்தது. அவன் எழுந்து போய் நின்றான். இது அவன் நட்சத்திரம், இது அவன் நாள்!

வாசிக்க ஆரம்பித்தான். தூரதேசத்து ஞானிகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் புறப்பட்டு வந்தது. 'நட்சத்திரம்' என்ற சொல் வந்த இடத்தில் தன்னையறியாமல் குரலைக் கூட்டினான். முன்பெஞ்சில் மச்சான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அரசனிடம் வழி கேட்டது. நட்சத்திரம் மறுபடி முன்னால் போனது. வெல்டரின் குரல் இன்னும் ஏறியது. பிள்ளை இருந்த இடத்துக்கு மேலே வந்து அது நின்றது. ஞானிகளுக்குத் தலைகால் புரியாத ஆனந்தம். வீட்டுக்குள்ளே போனார்கள். பிள்ளையையும் தாயையும் கண்டார்கள். விழுந்து வணங்கினார்கள். கொண்டுவந்ததைத் திறந்து வைத்தார்கள். வேறு வழியாக ஊருக்குப் போனார்கள்.

பாடம் முடிந்துவிட்டது.

வெல்டர் பக்கத்தைத் திருப்பினான். அடுத்த பக்கத்தை மேலிருந்து கீழாகக் கண்ணால் துழாவினான். திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்து, நட்சத்திரம் வந்த கடைசி வரியில் விரலை வைத்துப் பார்த்தான். நின்றது. அதற்கப்புறம் நட்சத்திரம் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. எவ்வளவு அழகாக இருந்தது என்று ஞானிகள் பேசிக்கொள்ளவில்லை, திரும்பிப் போகும்போது அண்ணாந்து பார்த்ததாகவும் இல்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகு அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

சபையார் காத்திருந்தார்கள். வாசித்து முடித்தவன் ஏன் உட்காராமல் நிற்கிறான்? வெல்டர் நிமிர்ந்து பார்த்தான். ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவன் தலைக்கு மேலே, சுற்றுகிற விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே சமயம் நட்சத்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை சிணுங்கும் சத்தம். அவன் பிள்ளை. அவளுக்குப் பக்கத்திலே எங்கேயோ, அவன் காலால் தள்ளிவிட்ட குடில்.

ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் யாரிடம் பேசினான்? உங்க பிறந்தநாளுக்கு என்றல்லவா சொன்னான்! அந்த 'உங்க' எந்தக் கடையில் விழுந்து தொலைந்தது? அவனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வெட்கமா என்றால் வெட்கம்தான். ஆனால் அதற்கடியில் வேறொன்று குபுகுபுவென்று பொங்கி வந்தது. சந்தோஷம்! என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்ட சந்தோஷம்.

"மச்சான்!" என்றான் மைக்கிலேயே. ஆலயமே அதிர்ந்தது. "பிளக்கைப் பிடுங்கு! கிரைண்டரை எடு!"

"அத்தான், வேதபாடம் அத்தான்..."

"பாடம் முடிஞ்சிடுச்சு. அதுல நட்சத்திரமும் முடிஞ்சிடுச்சு. எடுடா!"

விளக்கு அணைந்தது. மனைவி பிள்ளையோடு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "பீடத்துக்குப் பக்கத்துச் சின்ன ரூமுக்குள்ள போயிடு, பொறி தெறிக்கும். பிள்ளை காதைப் பொத்திக்கோ!" என்று கத்தினான் வெல்டர். அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. போகும்போது தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனாள்.

வெள்ளைத் தாளை அவனே பரக்கப் பரக்கக் கிழித்தான். "ஐயோ, ஐயோ" என்று படம் எடுத்த அத்தை அலறினார். "ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க, முன்வரிசை எல்லாம் பின்னால போங்க!" என்று மச்சான் அதட்டினான். கிரைண்டர் கிர்ரென்று பாடியது. வளையத்தின் முதல் வெட்டு. பொறி மழையாகக் கொட்டியது. நாற்பது நாள் உழைப்பு, வயர் எல்லாம் குழாய்க்குள்ளேதான், வெட்டினால் விளக்கு போனது போனதுதான். வெட்டினான். இரண்டாவது, மூன்றாவது. ஆயுசுக்கும் அசையாது என்று பற்றவைத்த இடங்கள் ஒன்றொன்றாக விட்டுக்கொடுத்தன.

பாஸ்டர் நட்சத்திரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். யாரும் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற அதே பாஸ்டர். வெட்டுப்பட்ட வளையத்தைப் பார்த்தார், வெல்டரைப் பார்த்தார். பிறகு அங்கியைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, விழப்போன நட்சத்திரத்தின் ஒரு கையைத் தோளில் வாங்கினார்.

"காலையில நானே சொல்லியிருக்கணும் அண்ணே. எனக்கு வாய் வரல."

"எனக்குக் கேட்டிருக்காது பாஸ்டர். பிடிங்க, கனம் ஜாஸ்தி!"

பாடகர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சும்மா நின்னா என்ன அர்த்தம், பாடுங்க!" என்று குழுவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கிரைண்டர் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். எது எதை ஜெயிக்கிறது என்று தெரியாத போட்டி. பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினார்கள். இரும்பு பாடுகிற நேரம் பாட்டு இன்னும் ஓங்கியது. அப்படி ஒரு பாட்டை அந்தச் சபை அதற்குமுன் பாடினதே இல்லை.

வெட்டிய ஒவ்வொரு துண்டையும் ஆண்களும் பெண்களும் கைமாற்றிக் கைமாற்றி நடுவழியாக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். ஆறடி வாசலில் ஒவ்வொன்றும் ஜோராக வெளியே போனது. கடைசியாக நடுத்துண்டு. அதையும் தூக்கி எடுத்தபோது பின்னால் பீடம் தெரிந்தது. பீடத்துக்கு முன்னால் ஞானஸ்நானத் தொட்டி. தொட்டியின் காலடியில் சாய்ந்தபடி குடில். "அட, பாலன் இங்கதான் இருக்காரா!" என்று அந்த அத்தையே சொன்னார். போனைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தார்.

வெல்டர் முட்டிபோட்டான். கரி பிடித்த கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, குடிலை இரண்டு கையாலும் தூக்கி எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் நடுவில் வைத்தான். கலைந்த வைக்கோலைச் சரிசெய்தான். "மன்னிச்சுடுங்க ஆண்டவரே" என்று சத்தமாகவே சொன்னான். முன்பெஞ்சுக்குக் கேட்டது. கேட்கட்டும்.

மனைவி பிள்ளையைக் கொண்டுவந்தாள். தரையெல்லாம் இரும்புத்தூள், காற்றெல்லாம் கருகின வாசனை. அங்கியை மறுபடி மாட்டிக்கொண்ட பாஸ்டரின் மூக்கின்மேல் கரி. பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள் என்றபோது இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தண்ணீர் நெற்றியில் விழுந்ததும் பிள்ளை அழவில்லை. அப்பாவின் அழுக்கு முகத்தையே பார்த்துவிட்டு, பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். அதை அத்தனை பேரும் பார்த்தார்கள். வெல்டர் குலுங்கிக் குலுங்கி அழுதான். இந்த முறை அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆராதனை முடிந்து அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வெளியே சுவரோரம் குவிந்து கிடந்த குழாய்களுக்குப் பக்கத்தில் பஸ் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை, வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

"என்ன சார், ஸ்டாப்புல நின்னு கண்ணு வலிக்கப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு வந்தேன். எங்க உங்க நட்சத்திரம்?"

வெல்டர் குவியலைக் காட்டினான். "இதோ கிடக்கு."

"அடக் கடவுளே! இவ்வளவு நாள் வேலையாச்சே! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். ஆளுங்களை இங்க கூட்டிட்டு வரத்தானே செஞ்சேன். நீங்கதான் வந்துட்டீங்களே!" என்று வெல்டர் சிரித்தான். "இதை விடுங்க. உள்ள வந்து அவரைப் பாருங்க."

டிரைவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெல்டர் பிள்ளையோடு ஒதுங்கி வழிவிடப் பார்த்தான், தேவைப்படவில்லை. அந்த வாசல் அவர்கள் மூன்று பேருக்கும் தாராளமாக இருந்தது.